மூன்று ஆண்டுகள், இரண்டு பாதைகள்: ப்ராக்ஸ்மாக்ஸும் ஐ-ஸ்கஸி சேமிப்பகமும்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் அலுவலகத்தில் மூன்று ப்ராக்ஸ்மாக்ஸ் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) சர்வர்களும், அவை பகிர்ந்துகொள்ளும் ஓர் ஐ-ஸ்கஸி (வட்டுக்கான ஸ்கஸி கட்டளைகளை நெட்வொர்க் வழியே அனுப்பும் முறை) சேமிப்பகமும் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் சேமிப்பகத்துக்கு இரண்டு 10 கிகாபிட் பாதைகள். பாதைக்கு ஒரு ஸ்விட்ச், ஒரு சப்நெட். மென்பொருளைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது சொன்னபடி நடக்கிறது. எங்களை வாட்டிய தொல்லைகள் எல்லாம் நெட்வொர்க் இடைமுகங்களில் நாங்களே செய்துவைத்த அமைப்புப் பிழைகள்தாம். அவற்றில் ஒன்று ஐந்து மாதம் ஒளிந்திருந்தது என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஜம்போ ஃபிரேம், அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பேக்கெட்டுகள், பயன்படுத்துவது என்று முதலிலேயே முடிவு செய்து, சர்வர்களிலும் சேமிப்பகத்திலும் எம்டியு (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000 என்றும் ஸ்விட்சுகளில் 9216 என்றும் வைத்தோம். பின்னொரு நாள் பவர் ஸ்டிரிப் மாற்றுவதற்காக இரண்டாம் ஸ்விட்சை மட்டும் அணைத்துப் போட வேண்டியிருந்தது. அதில் எம்டியுவை மாற்றியவன் நான். மாற்றியதை நிரந்தரமாகச் சேமிக்க மறந்தவனும் நான். ஸ்விட்ச் சத்தமில்லாமல் பழைய 1500-க்குத் திரும்பிவிட்டது.

இது உடனே வெளிப்படாததற்குக் காரணம், ஒரே சேமிப்பகத்துக்கான பல பாதைகளைக் கையாளும் மல்டிபாத் மென்பொருளின் இயல்பமைப்பு. முதல் பாதை நன்றாக இருக்கும்வரை இரண்டாவதில் தரவு போகாது. அது உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது ஒரு சிறு ஸ்கஸி கட்டளையை அனுப்பிக் கேட்பதோடு சரி. அந்தக் கட்டளையும் பதிலும் சிறியவை என்பதால் 1500-க்குள் அடங்கிவிடும். ஆகவே ஐந்து மாதமும் அந்தப் பாதை நலமாக இருப்பதாகவே திரையில் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கேபிளை ஒழுங்குபடுத்துவதற்காக முதல் பாதையைக் கழற்றினோம். இரண்டாம் பாதை இருக்கிறதே என்ற தைரியம். சில நிமிடங்களில் மெய்நிகர் கணினிகள் ஒவ்வொன்றாக உறைந்தன. சர்வரின் பதிவில், ஐ-ஸ்கஸி இணைப்பு 5 விநாடிக்குள் பதில் தரவில்லை என்ற வரி வரும், இணைப்பு அறும், மீண்டும் லாகின் ஆகும், பாதை சரியாகிவிட்டது என்று வரும், பிறகு அதே 5 விநாடி வரி. "பிங் போகுதே தம்பி, அப்புறம் நெட்வொர்க்குல என்ன கோளாறு இருக்கப் போவுது?" என்று என் மூத்த சகா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. (பிங் என்பது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி.) சேமிப்பகத்தின் கன்ட்ரோலரை வீணாக மறுதொடக்கம் செய்து முக்கால் மணி நேரத்தை இழந்தோம்.

நடந்தது இதுதான். ஐ-ஸ்கஸி தரவைச் சுமக்கும் டிசிபி இணைப்பு தொடங்கும்போது, ஒரு துண்டில் எவ்வளவு தரவு ஏற்போம் என்பதை இரு முனைகளும் தெரிவித்துக்கொள்கின்றன. இரண்டிலும் 9000 இருந்ததால், தலைப்புகளுக்கான 40 போக 8960 பைட் என்று அமைந்தது. நடுவில் இருக்கும் ஸ்விட்சை யாரும் கேட்பதில்லை. ரவுட்டராக இருந்தால் பேக்கெட் பெரிது என்று திருப்பிச் சொல்லக்கூடும். இரண்டாம் அடுக்கு (லேயர் 2) ஸ்விட்சோ ஓசையின்றிக் கீழே போட்டுவிடும். லாகின் சிறியது, அது போய்விடும். தரவைப் படிக்கப் போனால் பெரிய துண்டு தொலையும். டிசிபி வரிசை தவறாது என்பதால், அதன் பின்னால் நிற்கும் சிறிய 'உயிரோடு இருக்கிறாயா' செய்தியும் முடங்கும். இரு முனைகளிலும் எம்டியு ஒன்றாக இருக்க வேண்டும் என்றே பலரும் எச்சரிக்கிறார்கள். உண்மையில் ஒரு முனையில் 1500 இருந்திருந்தால் டிசிபி சிறியதற்கு இணங்கி வேலை நடந்திருக்கும். இரு முனைகளும் சரியாக இருந்ததுதான் எங்களைக் கவிழ்த்தது.

கடைசியில் துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பார்த்தேன். ஐபி தலைப்புக்கு 20, பிங்கின் ஐசிஎம்பி தலைப்புக்கு 8 சேர்த்தால் சரியாக 9000. ஒரு பதிலும் இல்லை. 1472 என்று குறைத்ததும் உடனே பதில் வந்தது. ஸ்விட்ச் போர்ட்டின் கணக்கைத் திறந்தால், அளவு மீறிய ஃபிரேம்களின் எண்ணிக்கை கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. 9216 என்று மாற்றி, இம்முறை சேமித்தேன். படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிருந்த இரண்டு லினக்ஸ் கணினிகளை மறுதொடக்கம் செய்ததோடு அன்றைய வேலை முடிந்தது.

மற்றொரு பிழை சிறியது: ஒரு சர்வரில் புதிய பிசிஐ கார்டு செருகியதும் இடைமுகப் பெயரில் இருந்த 5 என்ற எண் 6 ஆகிவிட்டது, அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருந்ததால் சேமிப்பகத் தொடர்பே எழவில்லை. இப்போது இடைமுகத்துக்குப் பெயர் வைக்கும் லிங்க் கோப்பு எழுதி, இடைமுகத்தின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியோடு பெயரைக் கட்டிவைத்திருக்கிறோம்.

மல்டிபாத்தையும் இரு பாதைகளிலும் மாறி மாறித் தரவு போகும்படி மாற்றிவிட்டோம். எது கெட்டாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஜம்போ ஃபிரேமைப் பொறுத்தவரை, எங்கள் வேலைப்பளுவில் அதனால் கண்ணுக்குத் தெரியும் வேக வேறுபாடு எதுவும் இல்லை. இன்று புதிதாக அமைப்பதாக இருந்தால் 1500-லேயே விட்டிருப்பேன். மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் ஓர் இரவு நிறுத்த வேண்டும் என்பதால்தான் அந்த 9000 இன்னும் அங்கே இருக்கிறது.