ஜி.பி. ரோடு எமர்ஜென்சி கிட்: ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகலாமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு கார் ஆக்சஸரீஸ் கடைகளில் தொங்கும் கறுப்பு ஜிப் பைதான் விஷயம். உள்ளே கார் நின்றுவிட்டால் சாலையில் வைக்கும் மடக்கு எச்சரிக்கை முக்கோணம், ஒளி பிரதிபலிக்கும் பட்டை வைத்த ஒரு வெஸ்ட், ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், டார்ச், சின்ன முதலுதவி டப்பா. ஐரோப்பாவில் வாடகைக் கார் ஓட்டப் போகிறவர்கள் முழுப் பையாக வாங்க வேண்டாம். பை கனக்கிறதே தவிர, அங்கே போலீஸ் கேட்கும் இரண்டு பொருள்தான் இதில் மட்டமாக இருக்கின்றன.

முதலில் முக்கோணம். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், பக்கத்தில் '27ஆர்' (முக்கோணத்துக்கான ஐ.நா. விதி எண்) என்றும் பொறித்திருக்க வேண்டும். நம் ஊர் வாகனத் தரமான ஏ.ஐ.எஸ். 022 முத்திரை இங்கே ஓட்டச் சரி. அங்கே கேட்பது 'இ' முத்திரை. பக்கம் சுமார் 50 செ.மீ. இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். கிட்டில் வருவதைக் கடையிலேயே விரித்து நிறுத்தி, விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தால் போதும். கால் கம்பி மெலிசாக இருந்தால் லாரி கடக்கும் காற்றுக்கே சாய்ந்துவிடும்.

வெஸ்ட் இன்னும் மோசம். வலைத் துணி, விரல் அகலப் பட்டை. பளிச்சென்று தெரியும் உடைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20471 தரத்தில் பட்டை குறைந்தது 5 செ.மீ. அகலம் வேண்டும், இரண்டாம் வகுப்பு என்றால் ஒளிரும் துணி 0.50 சதுர மீட்டர், பிரதிபலிக்கும் பட்டை 0.13 சதுர மீட்டர். பாரிமுனையில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் லேபிளைப் பார்த்து வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. மடித்தால் ஒரு சட்டை கனம்கூட இருக்காது. டிக்கியில் போடக் கூடாது. பிரான்சில் காரை விட்டு இறங்கும் முன்பே மாட்டியிருக்க வேண்டும் என்பதால் கை எட்டும் இடத்தில்தான் வைக்க வேண்டும். வெஸ்ட்டோ முக்கோணமோ இல்லையென்றால் அபராதம் 135 யூரோ.

ஜம்பர் கேபிளில் '500 ஆம்ப்' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். ரப்பர் உறைதான் தடிமன். உள்ளே பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். 2.5 லிட்டர் வரையிலான பெட்ரோல் எஞ்சினுக்கே 16 சதுர மி.மீ. செம்பு வேண்டும். வாடகைக் காருக்கு இது தேவையே இல்லை, சாலை உதவி எண்ணுக்கு போன் போட்டால் போதும். சுத்தியல் பரவாயில்லை. ஆனால் முன்கண்ணாடியில் வேலை செய்யாது, அது லேமினேட்டட், அதாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடி. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் போகும்.

சில கடைகள் கூடவே தீயணைப்பான் தள்ளிவிடும். மீனம்பாக்கத்திலேயே எடுத்துவிடுவார்கள், அழுத்தமேற்றிய சிலிண்டருக்குப் பெட்டியில் இடமில்லை. பஞ்சர் அடைக்கும் ஸ்பிரேவும் அப்படியே. முதலுதவி டப்பாவுக்கு வேறு சிக்கல்: சென்னை வெயிலில் காரில் கிடந்தால் பிளாஸ்டர் பசை உருகிவிடும். ஜெர்மனியில் அந்த நாட்டு டி.ஐ.என். 13164 தரத்து முதலுதவிப் பெட்டி கட்டாயம், அங்கே எடுக்கும் வாடகைக் காரில் அதுவே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் பிரான்சுக்கு மது ஊதுமானி கட்டாயம் என்று இன்னும் இருக்கிறது. அந்த விதி 2020இல் நீக்கப்பட்டுவிட்டது.

கார் நின்றுவிட்டால் ஹசார்ட் விளக்கு, பிறகு வெஸ்ட், பிறகு எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம். முக்கோணத்தை மார்புக்கு முன் விரித்துப் பிடித்து, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். பிரான்சில் குறைந்தது 30 மீட்டர். ஜெர்மனியில் வேகமான சாலையில் சுமார் 100 மீட்டர், அதாவது சுமார் 130 காலடி நடக்கும் தூரம். பிரெஞ்சு மோட்டார்வேயில் முக்கோணம் வைக்கப் போவதே ஆபத்தானால் வைக்க வேண்டாம்.

வாடகை கவுன்ட்டரில் சாவி வாங்கியதும் டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள், முக்கோணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெஸ்ட் பெரும்பாலும் ஒன்றுதான் தருவார்கள்.