பூட் நேரத்து ஸ்கிரீன் அளவு: பழைய விஜிஏ மொனிற்றர்களில் எது நின்று பிடிக்கிறது?

கிழக்கிலங்கையில் கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் ரியூசன் வகுப்புகளிலும் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் பழைய ஒபிஸ் கணினிகள் இன்னும் ஓடுகின்றன. இன்டெல் கிராஃபிக்ஸ், நீலத் தலை விஜிஏ கேபிள், 1366×768 மொனிற்றர். இவற்றில் டெபியன், உபுண்டு லினக்ஸ் போட்டு வருஷக்கணக்கில் பாவித்த பிறகு சொல்லக்கூடியது: 1024×768 இல் சிக்கிக்கொண்ட ஸ்கிரீனுக்கு கிரப்பை (கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றிவிடும் நிரலை) குடைவது வீண்வேலை. முதலில் கேபிளைப் பாருங்கள்.

பவர் பட்டனை அமுக்கியதிலிருந்து ஸ்கிரீன் மூன்று பேர் கையில் மாறுகிறது. பழைய பயோஸ் 80 எழுத்து, 25 வரி எழுத்து மோடில் தொடங்கும். மொனிற்றருக்கு அது 720×400, 70 ஹெர்ட்ஸ். அடுத்து கிரப். கடைசியில் லினக்ஸின் மையமான கெர்னல், கேஎம்எஸ் (ஸ்கிரீன் அளவை கெர்னலே அமைக்கும் முறை) வழியாக. இன்டெலுக்கு இது 2009 இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து உண்டு. அதற்கு முன் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சேர்வர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் மொனிற்றர் சில செக்கன் கறுக்கும். அது பழுதல்ல.

அந்தக் கறுப்பைக் குறைக்கத்தான் கிரப் செற்றிங் உதவும். ஈடிசி, டிஃபோல்ட் கோப்புறைக்குள் உள்ள கிரப் கோப்பில் ஜிஎஃப்எக்ஸ்மோட் வரியின் முன்னால் உள்ள ஹாஷ் குறியை எடுத்துவிட்டு, 640×480 என்றிருப்பதை மாற்றி, கமா போட்டு ஆட்டோ என்றும் சேருங்கள். ஜிஎஃப்எக்ஸ்பேலோட் லினக்ஸ் வரிக்கு கீப் கொடுங்கள். பிறகு அப்டேட்-கிரப் கட்டளை, இதை மறந்துவிட்டு "மாறவில்லை" என்பவர்கள்தான் அதிகம். பழைய பயோஸின் பட்டியலில் 1366×768 பல நேரம் இருக்காது. கிரப் மெனுவில் சி அமுக்கி வீடியோஇன்ஃபோ அடித்தால் அங்கே உள்ளவை தெரியும். இல்லாததை எழுதினால் கிரப் ஆட்டோவுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

நோமோட்செட் என்ற கெர்னல் செற்றிங்கை நிரந்தரமாகப் போட்டுவைப்பது நல்ல பழக்கமல்ல. அது கேஎம்எஸ் டிரைவரையே நிறுத்திவிடும். ஃபேர்ம்வெயரோ கிரப்போ விட்டுப்போன அளவிலேயே ஸ்கிரீன் உறைந்துவிடும், வீடியோ ஓடினால் சிபியு திணறும். இன்ஸ்டோல் பண்ணும்போது கறுப்பு ஸ்கிரீன் வந்தால், கிரப் மெனுவில் ஈ அமுக்கி லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் அதைச் சேர்த்து, எஃப்10 அமுக்கி ஒரு தடவை மட்டும் பாவியுங்கள்.

இனி கேபிள். மொனிற்றர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற 128 பைட் தரவாகச் சொல்கிறது. விஜிஏயில் அது வரும் வழி 12 ஆம், 15 ஆம் பின்கள்: கீழ் வரிசையில் இரண்டாவதும் கடைசியும். இவற்றில் ஒன்று வளைந்தாலோ, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஊர்களின் உப்புக்காற்றில் பச்சை பிடித்தாலோ படம் வழமைபோல் வரும், தரவு மட்டும் வராது. கெர்னல் 1024×768 க்கு மேல் போகாது. 9 ஆம் பின் இல்லாத கேபிள்களும் உண்டு. அந்தப் பின்தான் ஈடிஐடி சிப்புக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால், மொனிற்றர் பிளக்கை சுவரில் ஓஃப் பண்ணிவைத்த நிலையில் பூட் ஆன கணினிக்கு ஈடிஐடி கிடைக்காமல் போகலாம்.

சோதிப்பது லேசு. சிஸ், கிளாஸ், டிஆர்எம் என்ற கோப்புறைக்குள் விஜிஏ-1 என்று முடியும் கோப்புறையில் ஈடிஐடி கோப்பு இருக்கும். அதை கேட் கட்டளையால் படித்து, பைட்டுகளை எண்ணும் டபிள்யூசி -சி க்கு பைப் பண்ணினால் 128 அல்லது 256 வரவேண்டும். 0 என்றால் ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பழைய பல் துலக்கும் பிரஷும், அதற்கும் சரிவராவிட்டால் வேறு கேபிள். கோப்புப் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளை இந்தக் கோப்பின் அளவை எப்போதும் 0 என்றுதான் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பழுது மொனிற்றரின் சொக்கற்றிலேயே என்றால், கெர்னல் வரியில் (லினக்ஸ் என்று தொடங்கும் அதே வரி) வீடியோ சமன் விஜிஏ-1, முக்காற்புள்ளி, 1366x768@60, கடைசியில் சிறிய ஈ என்று இடைவெளியில்லாமல் எழுதுங்கள். எக்ஸ் ஆங்கில எழுத்தாக இருக்கவேண்டும், பெருக்கல் குறியல்ல. எச்டிஎம்ஐக்கு கெர்னல் வைத்த பெயர் எச்டிஎம்ஐ-ஏ-1. எக்ஸ்ரேண்டர் கட்டளை காட்டும் எச்டிஎம்ஐ-1 என்பதை இங்கே எழுதினால் கெர்னல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.