விக்டோரியா பிளம்: பழத்தில் குறையில்லை, போத்துதான் தாங்கவில்லை

இங்கிலாந்தில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், சின்னத் தோட்டத்தில் விக்டோரியா பிளம் வைக்கலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டு மரத்தோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மகரந்தத்துக்கு இன்னொரு மரம் வேண்டாம், தனியாகவே காய்க்கும். ஆகஸ்ட் கடைசியில் தோலில் வெள்ளை மாவு படிந்து, மெதுவாகத் திருகினாலே கையோடு வந்துவிடும். பாதி பழுத்ததை மிளகாய்த்தூளும் வெல்லமும் போட்டுக் கடுகு தாளித்துத் தொக்கு கிண்டினால், மாங்காய்த் தொக்கைத் தவிர எதையும் தொடாதவர்களும் இரண்டாம் முறை கேட்கிறார்கள்.

என் பிரச்சினை ஒன்றே ஒன்று: நீர்ப்போத்து. கிளையின் மேல்புறத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, ஒரே கோடையில் ஆள் உயரத்துக்குப் போகிற குச்சிகள். எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள், மரம் உயரமாகிவிட்டதென்று தலையை மட்டமாக வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகப் போத்து. அதை வெட்டினால் அடுத்த வருடம் இன்னும் அதிகம். முருங்கையை ஒடித்து வளர்த்துப் பழகியவர்கள் நாம். ஒடித்தால் தழையும், தழைத்தால் காய்க்கும். இது தழைக்க மட்டும் செய்கிறது. அந்த வருடம் முளைத்த குச்சியில் பிளம் காய்க்காது. அதற்கு முந்தைய வருடத்துக் குச்சியும், பழைய கிளைகளில் இருக்கும் குறுமுளைகள் என்கிற குட்டைக் குச்சிகளும்தான் காய் பிடிக்கும். அவற்றுக்குப் போக வேண்டிய வெயிலை இந்தப் போத்துகள் மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது.

ஆப்பிள் என்றால் இலை உதிர்ந்த பிறகு குளிர்காலத்தில் நிதானமாகக் கவாத்து செய்யலாம். பிளம்மில் அது கூடாது. வெள்ளி இலை நோய் என்று ஒரு பூஞ்சண நோய் உண்டு. ஈரமும் குளிருமான மாதங்களில் அதன் வித்துகள் வெட்டுக்காயம் வழியாக இறங்கும். இலையில் வெள்ளி மினுமினுப்பு ஏறும், கிளை காயும், அறுத்துப் பார்த்தால் கட்டையின் நடுவில் பழுப்புக் கறை தெரியும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள், மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்ட வேண்டும். மரம் முழுக்க இலையும் காயுமாக, எந்தக் கிளை எங்கே போகிறதென்றே தெரியாத நேரம் அது. ஆனால் அதில் ஒரு லாபமும் இருக்கிறது. குளிர்காலத்தில் சத்தெல்லாம் வேரிலும் அடிமரத்திலும் சேர்ந்திருக்கும். அப்போது வெட்டினால் வசந்தத்தில் அவ்வளவும் மிச்சமிருக்கிற மொட்டுகளில் பாய்கிறது. கோடையில் இலையோடு வெட்டும்போது அந்த வேகம் குறைகிறது.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ரம்பம் இல்லை, கட்டைவிரல். மே கடைசியில் போத்து இரண்டு மூன்று அங்குலம் இருக்கும்போது அதன் அடி இன்னும் இளசாக இருக்கும். விரலை அடியில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் ‘டப்’பென்று குமிழோடு பெயர்ந்து வரும். அடியில் இருக்கும் தூங்குமொட்டுகளும் கூடவே போய்விடுவதால் அந்த இடத்தில் மறுபடி முளைப்பது குறைவு. கத்தரியில் வெட்டும்போது சின்னக் கட்டை மிஞ்சிவிடுகிறது. அதிலிருந்துதான் மறுபடி கூட்டமாகக் கிளம்பும். காலையில் காபி குடித்துக்கொண்டே செய்கிற வேலை இது. மரத்தை முழுசாகப் பார்க்க வைப்பதும் இதுதான். இதற்காகவே மே மாதம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பெரிய கிளைகளை ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள். மரத்தில் கால்வாசிக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று கோடையாகப் பிரித்து, வெளிப்பக்கம் பார்க்கிற பக்கக்கிளை வரை வெட்டுங்கள். ஜூனில் மரமே கொஞ்சம் பிஞ்சு உதிர்க்கும். அப்புறமும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். கிள்ள மனசு வராதுதான். ஆனால் விக்டோரியா கிளை பாரத்தில் முறியும், முறிந்த இடமும் அந்த நோய்க்கு வாசல்.

சரி, வைக்கலாமா? சுவைக்கும் காய்ப்புக்கும் நான் அறிந்தவரை இதற்கு ஈடான மரம் இல்லை. இருந்தும் என் பதில், வேண்டாம். வருடா வருடம் மே முதல் ஆகஸ்ட் வரை மரத்தின் பக்கத்திலேயே இருக்க முடியாதவர்களுக்கு இது சிறு தோட்டத்து மரமே அல்ல. அப்படியும் ஆசை விடவில்லையென்றால், ஒட்டுக்கன்று வாங்கும்போது அதன் வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் செடி, மரத்தைக் குட்டையாக வைக்கிற பிக்ஸி வகைதானா என்று கேளுங்கள். செயின்ட் ஜூலியன் ஏ வேர்ச்செடியில் ஒட்டியது அதைவிடக் கணிசமாக உயரும். தெற்கு பார்த்த வேலி இருந்தால் அதில் விசிறியாகப் படர விடுங்கள். கைக்கெட்டும் உயரத்திலேயே எல்லா வேலையும் முடியும். எங்கள் மரத்தை வெட்டித் தள்ளிவிடலாமே என்று மட்டும் யாரும் யோசனை சொல்ல வேண்டாம். அது இருக்கட்டும்.