அரானெட்4 காற்று மீட்டர்: ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் வைத்துப் பார்த்தது

காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்டுகிற இந்த மீட்டரை வீட்டு பெட்ரூமுக்கும் ஐடி ஆபீஸுக்கும் வாங்கியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர் தோளோடு தோள் உட்கார்ந்து தைக்கிற இடத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று எழுதியதை நான் பார்க்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். எங்கள் ஹாலில் முக்கால்வாசி பெண்கள். மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு லைனில் யாராவது ஒருத்தர் இருமத் தொடங்குவார், அடுத்த வாரம் பாதி லைன் இருமும், அதற்கடுத்து அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூலுக்கு லீவு போடும். தமிழ்நாட்டில் ஃப்ளூ அதிகம் பரவுவதே வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான், அதே மாதங்களில்தான் சாரல் அடித்து லெதர் நனைந்துவிடும் என்று நாங்கள் ஜன்னலையும் சாத்திவைக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் "யாரு கொண்டு வந்தது" என்ற பேச்சு மட்டும் தவறாமல் நடக்கும். மாட்டிக்கொள்வது எப்போதும் முதலில் இருமியவள்தான்.

ஜெர்மனியிலிருந்து வந்த என் மச்சான் இந்த மீட்டரை வாங்கி வந்து கொடுத்தார். லாட்வியா நாட்டுத் தயாரிப்பு. உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைச் சதுரம், இரண்டு பென்சில் செல் போட்டால் வருஷக்கணக்கில் ஓடும் என்கிறார்கள், சார்ஜ் போடும் வேலையே இல்லை. கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் நான்கையும் திரையில் காட்டும். வெயிலில் வைத்தாலும் எழுத்து நன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் அது செல்போன் மாதிரி ஒளி விடும் திரை இல்லை, காகிதத்தில் அச்சடித்தது போல இருக்கும். பக்கத்திலேயே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை காட்டுகிறது: 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு) வரை பச்சை, 1400 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. வேண்டுமானால் இந்த அளவுகளை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, கார்பன் டை ஆக்சைடுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் லைனில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். வெளிக்காற்றில் இது 420, 430 பிபிஎம் அளவுக்குத்தான் இருக்கிறது. நாம் விடுகிற மூச்சில் 40,000 பிபிஎம்முக்குக் கிட்டே, அதாவது நூற்றில் நான்கு பங்கு. ஆக, ஒரு அறையில் அளவு ஏற ஏற அங்கே மற்றவர்கள் விட்ட மூச்சு தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மீட்டர் 2400 காட்டினால் நாம் இழுக்கிற இருபது மூச்சில் ஒரு மூச்சு முழுக்க அடுத்தவர் நுரையீரலுக்குள் போய் வந்தது. ஃப்ளூ, கொரோனா, காசநோய் மூன்றும் அந்த மூச்சோடு வருகிற நுண்ணிய துளிகளில் தொற்றுகிறவை. பெரிய துளி சட்டென்று கீழே விழுந்துவிடும், நுண்ணிய துளி காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். கிருமியை நேராக அளக்கிற கருவி நம் கைக்கு எட்டாது. தேங்கிய மூச்சை அளக்க இது போதும்.

இனி உள்ளே என்ன கண்டோம் என்று சொல்கிறேன். பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி அனுமதி வாங்கித்தான் எடுத்துப் போனேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஏனென்றால் பசை சொல்யூஷன் புழங்குகிற இடத்தில் பேட்டரி போட்ட எதையும் கேட்காமல் கொண்டுபோகக் கூடாது.

காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் ஹால் கிட்டத்தட்ட வெளிக்காற்று மாதிரிதான் இருக்கிறது. மிஷின்கள் ஓட ஆரம்பித்ததும் ஏறும். வாசல் பக்கத்து லைன்கள் சாப்பாட்டு மணி வரைக்கும் பச்சையிலேயே நின்றன. பின்சுவர் மூலையில் இருக்கிற கடைசி இரண்டு லைன்கள் டீ நேரத்துக்கு முன்பே சிவப்புக்குப் போய்விட்டன. ஒரே ஹால், ஒரே கூரை, ஒரே நேரம். அந்த மூலையில் நான்கு ஜன்னல் இருக்கிறது, ஆனால் நான்கையும் மறைத்துக் காலி அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். தினமும் அதைப் பார்த்தபடிதான் எல்லாரும் நடக்கிறோம். வருஷா வருஷம் இருமல் எந்த லைனில் தொடங்குகிறது என்று யோசித்தால், எங்களுக்கெல்லாம் தெரிந்த பதில் அந்த மூலைதான்.

பெடஸ்டல் ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. வேலூர் வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது, யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சாத்திய ஹாலில் ஃபேன் ஓடினால் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும், புதுக்காற்று வராது. ஃபேனைக் கூட்டி வைத்தபோது எல்லாருக்கும் ஜில்லென்று இருந்தது, மீட்டரில் அளவு துளியும் இறங்கவில்லை. அதே ஃபேனைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தோம், காற்று வெளியே போகிற மாதிரி. அப்போது இறங்க ஆரம்பித்தது. செலவே இல்லாத வேலை.

மேனேஜர் சாரிடம் காட்டினேன். "மிஷின் தப்பா காட்டுதோ என்னவோப்பா" என்றார். "வெளியில வெச்சுப் பாருங்க சார்" என்று கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் 430க்கு வந்து நின்றது. திரும்ப மூலைக்குக் கொண்டுபோனோம், ஏறியது. அவர் ஒன்றும் பேசவில்லை, ஸ்டோர் ஆட்களைக் கூப்பிட்டுப் பெட்டிகளை எடுக்கச் சொன்னார். இந்த மீட்டருக்கு நான் கொடுக்கிற முழு மதிப்பெண்ணும் இதற்காகத்தான். இத்தனை வருஷமாக "அந்தப் பொண்ணுதான் கொண்டு வந்துச்சு" என்று போன பேச்சு, அன்றைக்கு "இந்தப் பெட்டியை ஏன் இங்கே அடுக்கினீங்க" என்று மாறியது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஓர் ஆளுக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் வேண்டும், அதிலும் 4.2 மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கிற வெற்றிடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள். "ஷெட்டு நல்லா உயரமா இருக்கே" என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி அப்போதே யோசித்து எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கொரோனா காலத்தில், 2021ல், ஆள் ஒருவருக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்று சொன்னது. உட்கார்ந்து வேலை செய்கிற ஹாலில் அந்த அளவு காற்று வந்தால் மீட்டர் ஏறக்குறைய 1000ல் நிற்கும்.

மலிவு மீட்டர்கள் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். எங்கள் குவாலிட்டி செக்‌ஷன் அண்ணன் ஆன்லைனில் விலை குறைந்த ஒன்றை வாங்கி வைத்திருந்தார், பிராண்டு பெயர் வேண்டாம். ஹாலில் இரண்டும் ஏதோ ஒத்துப்போவது போலத் தெரிந்தது. பசை ஒட்டுகிற பேஸ்டிங் பக்கம் கொண்டுபோனதும் அவருடையது தாறுமாறாக எகிறி 5000ஐத் தாண்டியது, இது 900லேயே இருந்தது. காரணம் என்னவென்றால், மலிவானவற்றில் பல கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை, காற்றில் இருக்கிற ரசாயன ஆவியை மோப்பம் பிடித்து இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்துக் காட்டுகின்றன. பசை, தின்னர், பாலிஷ் வாசனை பட்டாலே குதிக்கும். ஷூ கம்பெனிக்கோ தோல் பதனிடும் இடத்துக்கோ அவை எதற்கும் உதவாது. உள்ளே என்டிஐஆர் சென்சார், அதாவது அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கிற வகை, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதைச் சோதிக்கக் கையில் சானிடைசர் தடவிக்கொண்டு மீட்டர் பக்கத்தில் காட்டுங்கள், மூச்சு மட்டும் மேலே படாமல். அளவு விர்ரென்று ஏறினால் அது ஊகிக்கிற வகை. அதே சமயம், பேஸ்டிங் பக்கம் இது பச்சை காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்த ஆவி உடம்புக்கு ஆகாது, அதற்குத் தனியாக எக்ஸாஸ்ட் வேண்டும், இந்த மீட்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

வேறு சில விஷயங்களும் இதில் தெரியாது. கேன்டீனில் சிவப்பு காட்டினால் அது முழுக்க ஆட்களின் மூச்சு கிடையாது, கேஸ் அடுப்பு எரிந்தாலும் ஏறும், ஜெனரேட்டர் புகை வந்தாலும் ஏறும். எல்லாரும் நல்ல மாஸ்க் போட்டிருந்தால் ஆபத்து குறையும், அளவு குறையாது. பக்கத்து மிஷினில் இருப்பவர் நேராக முகத்துக்கு எதிரே இருமினால் மீட்டர் பச்சையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. முக்கியமாக, யாருக்கு நோய் இருக்கிறது என்று இது காட்டாது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காதவர் சளிப் பரிசோதனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை இலவசமாகவே செய்கிறார்கள்.

பரிசோதனைக்குப் போகாததற்குக் காரணம் தெரியாதவர் யாரும் எங்கள் ஹாலில் இல்லை. ஒரு நாள் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும், டிபி என்று தெரிந்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், கல்யாணம் ஆகாத பெண் என்றால் வீட்டிலேயே மூடி மறைப்பார்கள். எங்கள் லைனில் ஓர் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. மாதக்கணக்கில் இருமிக்கொண்டே தைத்தார், கேட்டால் "தூசு ஒத்துக்கலப்பா" என்பார். கடைசியில் டிபி என்று தெரிந்ததும் அவரே வேலையை விட்டு நின்றுவிடப் பார்த்தார். இ.எஸ்.ஐ.யில் காசநோய்க்குத் தனிச் சலுகை இருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனாகச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும், அதிகபட்சம் இரண்டு வருஷம். சாதாரணக் காய்ச்சலுக்கு 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. நம் சம்பளத்தில் பிடிக்கிற காசுதான் அது, பயப்படாமல் கேளுங்கள். காசநோயாளிகளுக்கு அரசு தருகிற சத்துணவுப் பணமும் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக ஆகியிருக்கிறது.

அக்கா இப்போது மாத்திரை முடித்து அதே மிஷினில் தைக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சிலர் அடம்பிடித்தபோது நான் ஒன்றைச் சொன்னேன். இதற்கான பதிலை உலகத்துக்கே சொன்னது நம் சென்னைதான். 1956ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு பாதி நோயாளிகளை சானடோரியத்திலும் (காசநோய் மருத்துவமனை) மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து சரியாகப் போட ஆரம்பித்ததும் தொற்றும் தன்மை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. மருந்தே போடாமல், ஜன்னல் சாத்திய மூலையில் இருமிக்கொண்டிருந்த மாதங்கள்தான் எல்லாருக்கும் ஆபத்தான மாதங்கள்.

விலைக்கு வருகிறேன். இருபதாயிரத்தை ஒட்டி ஆகும், ஒரு டெய்லர் அக்காவின் மாதச் சம்பளத்தைவிட அதிகம். தனி ஆளாக வாங்க வேண்டியது இல்லை. கம்பெனி வாங்க வேண்டிய பொருள் இது, ஒரு ஸ்டிச்சிங் மிஷின் விலையைப் பார்க்கும்போது பெரிய தொகையே கிடையாது. பாதுகாப்புக் கமிட்டி கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் முழுக் கம்பெனியையும் பார்த்துவிடலாம். வாங்கினால் அளவெடுக்கும் இடைவெளியை ஒரு நிமிஷத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்தில் விட்டால் சாப்பாட்டு நேரத்தில் என்ன நடந்தது என்றே தெரியாது. வாய்க்கு நேரே பிடிக்காதீர்கள், ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள், உட்கார்ந்திருப்பவர்களின் தலை உயரத்தில், ஆளிடமிருந்து ஒரு மீட்டர் தூரமாவது தள்ளி வைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். போனில் ஆப் போட்டால் நாள் முழுக்க எப்படி ஏறி இறங்கியது என்று கோடு வரைந்து காட்டும், மேனேஜரிடம் பேச அது ஒன்று போதும்.

அதிக அளவு காட்டியது எங்கே தெரியுமா? ஹாலில் இல்லை, கம்பெனி பஸ்ஸில். மழை நாளில் எல்லா ஷட்டரும் இறக்கி, சீட்டுக்கு மூன்று பேர், நடுவில் நிற்பவர்கள் வேறு. மாதனூர் தாண்டுவதற்குள் 3000ஐத் தாண்டிவிட்டது. முன்னால் ஒன்று, கடைசியில் ஒன்று என்று எதிரெதிரே இரண்டு ஷட்டரை ஒரு கையளவு தூக்கியதும் பாதிக்கு மேல் இறங்கியது, ஆனால் சாரல் அடிக்கிற சீட்டில் யார் உட்காருவது என்று சண்டை. கூரையில் திறப்பு வைத்த பஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும் டிரைவர் அண்ணன் தன் பக்கத்து ஜன்னலையும் பின்வாசல் மேல் கதவையும் திறந்தே ஓட்டுகிறார்.