கழற்றிப் பார்க்கும் மேல்தாடை மாடல்: வேர்கள் அருமை, ஒரு பல் மட்டும் தப்பு

பல் மருத்துவம் படிக்க வரும் முதலாண்டு மாணவர்களுக்குப் பல் அமைப்பைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்புக்காக வாங்கிய ஒரு மேல்தாடை மாடலைப் பற்றித்தான் இந்த விமர்சனம். நிஜ அளவைப்போல இரண்டு மடங்கு பெரியது. ஞானப்பற்கள் உட்பட 16 பற்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி குழியில் செருகலாம். அதற்காகத்தான் இதை வாங்கினேன். பற்கள் ஒட்டியபடியே வரும் மாடல்களில் கிரௌன், அதாவது ஈறுக்கு வெளியே இருக்கும் பகுதி, மட்டும் தெரியும். மேல்தாடைப் பற்களில் படிக்க வேண்டியதில் பாதி வேரில்தான் இருக்கிறது.

முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடையில் அதற்குப் பொதுவாக இரண்டு வேர், மேலே மூன்று: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. மூன்றில் அண்ணப் பக்க வேர்தான் நீளம். மற்ற இரண்டையும் விட்டு நன்றாக விலகி நிற்கும். மாடலில் அது அச்சு அசலாக வந்திருக்கிறது. கன்னப் பக்கத்து முன்வேரைத் தட்டையாக, நுனி பின்னோக்கி வளைந்ததாகச் செய்திருக்கிறார்கள். அந்தத் தட்டை வடிவத்தைப் பார்த்த பிறகுதான், ஒரே வேருக்குள் பல சமயம் நரம்பு ஓடும் கால்வாய்கள் இரண்டு எப்படி இருக்கின்றன, வேர் சிகிச்சையில் இரண்டாவது கால்வாய் ஏன் கண்ணில் படாமல் போகிறது என்பதெல்லாம் மாணவர்களுக்குப் பிடிபடுகிறது. மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் வலது, இடது என்று தனித்தனியாக இருப்பதற்கும் இந்த வேர் அமைப்பே காரணம். கன்னப் பக்க வேர்கள் இரண்டுக்கும் நடுவே போய் உட்காரும் கூர்முனை அதன் ஒரு அலகில் மட்டும்தான் உண்டு. இதைப் பலகையில் வரைந்து விளக்கினால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். பல்லைக் கையில் கொடுத்தால் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

மெல்லும் பரப்பிலும் குறை சொல்ல முடியாது. பல்லின் மேல் எழும்பி நிற்கும் மேடுகளில், அண்ணப் பக்க முன்மேட்டிலிருந்து கன்னப் பக்கப் பின்மேட்டுக்குக் குறுக்காக ஓடும் வரப்பு விரலால் தடவினாலே தெரிகிறது. மேல் கடைவாய்ப்பல்லை அடையாளம் காண இதைவிட நல்ல வழி கிடையாது. அண்ணப் பக்க முன்மேட்டின் ஓரத்தில் கரபெல்லி மேடு என்கிற சின்னப் புடைப்பையும் விடவில்லை. எல்லோருக்கும் இருக்காதுதான், ஆனாலும் வாயில் முதல்முறை பார்க்கும்போது எதையோ கண்டு பயப்படாமல் இருக்க இது உதவும்.

வலது பக்கம் எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டி, மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸைக் காட்டியிருக்கிறார்கள். கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் சைனஸின் தரையை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று அதில் பார்க்கலாம். சைனஸில் அழற்சி வந்தவர் ‘மேல்பல் எல்லாமே வலிக்குது’ என்று சொல்லி வருவாரே, அது ஏன் என்று கேட்டால் இந்த ஜன்னலைத்தான் காட்டுவேன்.

முன்பற்கள் பரவாயில்லை. நடு வெட்டுப்பல்லில் எனாமல் முடியும் கோடு பக்கவாட்டில் வளைந்து ஏறுவதும், நடுக்கோட்டுப் பக்க மூலை கூர்மையாகவும் மறுமூலை உருண்டும் இருப்பதும் சரியாக வந்திருப்பதால் வலமா இடமா என்று தடுமாற வேண்டியதில்லை. பக்க வெட்டுப்பல்லின் பின்புறம் சொத்தை சத்தமில்லாமல் தொடங்கும் அந்தக் குழியை இன்னும் ஆழமாகச் செய்திருக்கலாம். கோரைப்பல்லின் வேர், வாயிலேயே நீளமான வேர் என்பதற்கேற்ப இருக்கிறது. ஆனால் கழற்றிக் கழற்றிச் செருகியதில் முதலில் தளர்ந்ததும் அதுதான். வேரில் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றினேன், இப்போது நிற்கிறது.

அப்புறம், கோரைப்பல்லுக்கு அடுத்து நிற்கும் அந்த முதல் முன்கடைவாய்ப்பல். இங்கேதான் எனக்குக் கோபம். முதல், இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள்: ஒற்றை வேர், கிட்டத்தட்ட சம உயரத்தில் இரண்டு மேடுகள். இரண்டாவதற்கு அது சரி. முதலாவதற்குப் பெரும்பாலும் இரண்டு வேர்; கன்னப் பக்க மேடு உயரமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அதன் முன்பக்கத்தில் கிரௌனின் அடிப்பகுதியில் தொடங்கி வேர்வரை இறங்கும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் தெரியாதவர் அந்தப் பல்லில் ஃபில்லிங் செய்யும்போது, அதைத் தாங்கப் பல்லைச் சுற்றிப் போடும் மேட்ரிக்ஸ் பட்டை பல்லோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுவிடும். அழுக்கு சேர்ந்தாலும் கருவி எட்டாது. நாளைக்கு நோயாளியின் வாயில் வேலை செய்யப்போகிறவர்கள் பார்த்துப் படிக்கும் மாடலில் இப்படி மேம்போக்காக இருக்கலாமா? நிறுவனத்துக்கு எழுதினேன். மாற்றுப் பல் அனுப்புவதாகச் சொன்னார்கள், வந்ததும் அதே அச்சுதான். அந்த ஒரு பல்லுக்கு மட்டும் வேறொரு தனி மாடலை வைத்து வகுப்பு எடுக்கிறேன்.

இன்னொன்று, பல் எதற்கு இருக்கிறது என்பதை மேல்தாடையை மட்டும் வைத்து முழுதாகச் சொல்ல முடியாது. மேல்வரிசை கீழ்வரிசையைச் சற்று வெளியே மூடி நிற்பது, மேல் கடைவாய்ப்பற்களின் அண்ணப் பக்க மேடுகள் கீழ்ப்பற்களின் பள்ளங்களில் போய் அமர்ந்து நசுக்குவது, தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பின்பற்களைப் பிரித்துவிடுவது, இதெல்லாம் இரண்டு தாடையும் சேர்ந்தால்தான் தெரியும். பேச்சில் பல்லின் பங்கை மட்டும் இதிலேயே காட்டிவிடலாம்: ‘த’ சொல்லும்போது நாக்கு நுனி எங்கே தொடுகிறது என்று மாணவர்களைக் கேட்டுவிட்டு, வெட்டுப்பற்களின் பின்புறத்தைச் சுட்டிக்காட்டுவேன்.

முதலாண்டு மாணவர்கள் சேர்ந்து வாங்கலாம், கல்லூரி வாங்குவது இன்னும் நல்லது. 16 என்று எண் போட்ட பல்லின், அதாவது வலது முதல் கடைவாய்ப்பல்லின், வேர்களுக்காகவே வாங்கலாம். கையில் வந்ததும் 14, 24 என்று எண் போட்ட முதல் முன்கடைவாய்ப்பற்கள் இரண்டையும் கழற்றி வேரைப் பாருங்கள். என்னுடையதைப் போலவே ஒற்றை வேர் இருந்தால் நீங்களும் நிறுவனத்துக்கு எழுதுங்கள், நிறையப் பேர் கேட்டால் அச்சை மாற்றுவார்கள். இதோடு பொருந்தும் கீழ்த்தாடையைத் தனியாக விற்கிறார்கள். அடுத்த வகுப்பு தொடங்குமுன் அதை வாங்கப்போகிறேன்.