போலோ ஜிடி காருக்கு வாங்கிய மாற்று டயர்கள்: நான்கு ஆண்டுகள், 43,000 கிலோமீட்டர்

2018ஆம் ஆண்டு வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரைக் கோயம்புத்தூரில் ஓட்டி வருகிறேன். இதன் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் தரும் 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் முன்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கின்றன. காரை இழுப்பது, திருப்புவது, நிறுத்துவதில் பெரும்பங்கு என எல்லாவற்றையும் முன்னிரு டயர்களே சுமக்கின்றன. ஆகவே இந்தக் காரில் டயர் தேய்ந்துவிட்டால், அந்தக் குறை ஓட்டுபவரின் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

எனக்கு அது தெரிந்தது 2021 அக்டோபரில், வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கும்போது. அந்த மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குப் பழக்கமானவை. அன்று நெடுநேர வெயிலுக்குப் பிறகு பெய்த முதல் மழையில், சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் கரைந்து வழுக்கலாகியிருந்தன. வழக்கமான வேகத்தைவிடக் குறைவாகவே சென்றும், ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் கார் சில அடி தூரம் நேராகவே நகர்ந்தது. எதிரே பேருந்து எதுவும் வராததால் தப்பித்தோம். காரில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். ஆழியாறில் நிறுத்திப் பார்த்தபோது, முன் டயர்களின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் பகுதியிலுள்ள பள்ளங்களின் ஆழம், தேய்ந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே மிச்சமிருந்தது. தேய்மான எல்லையைக் காட்டும் மேடுகள் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும். அவற்றைத் தொடவில்லை என்பதால் டயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். காய்ந்த சாலைக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தும். தண்ணீரை வெளியேற்றும் வேலைக்கு 2 மில்லிமீட்டர் பள்ளம் போதாது.

அப்போது கார் 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. புதிய டயர் தேடியபோது முதலில் எதிர்கொண்டது தட்டுப்பாடு. 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்ததால், உயர்தர வகைகள் பல அளவுகளில் எளிதில் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டிய அளவு 195/55 ஆர்16: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பல கடைக்காரர்கள் 205/55 ஆர்16 போட்டுக்கொள்ளுமாறு சொன்னார்கள். போலோ வைத்திருக்கும் நண்பர்களும் அதையே பரிந்துரைத்தார்கள். அகலம் கூடும், தேர்வும் அதிகம் என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் அளவின் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 632 மில்லிமீட்டர். வேறுபாடு 1.8 விழுக்காடு. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது கூடுதல் தூரம் செல்வதால், ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் கணக்கும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். கியர் விகிதம் சற்று நீண்டதைப் போலாகி, கிளம்பும்போதுள்ள துடிப்பு குறையும். துடிப்புக்காகவே வாங்கிய காரில் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. காரைத் தயாரித்தவர்கள் குறித்த அளவிலேயே நின்றேன்.

குட்இயர், யோகோஹாமா, கான்டினென்டல், மிஷலின் ஆகிய நான்கு நிறுவனங்களின் டயர்களை ஒப்பிட்டேன். அதிக கிலோமீட்டர் உழைப்பதற்காகச் செய்யப்படும் டயரின் ரப்பர் கலவை பெரும்பாலும் சற்றுக் கடினமாக இருக்கும். ஈரச்சாலையைப் பற்றிப் பிடிக்கும் கலவை வேறு விதமானது. இரண்டையும் முழு அளவில் ஒரே டயரில் எதிர்பார்ப்பது கடினம். ஆழியாறு அனுபவத்துக்குப் பிறகு எனக்கு முதல் தேவை மழையில் பிடிமானம், இரண்டாவது மலைச்சாலையில் நம்பகமான திருப்பம், மூன்றாவதுதான் ஆயுள். அந்த வரிசைப்படி மிஷலின் பிரைமசி 4 எஸ்டி டயரைத் தேர்ந்தெடுத்தேன். நான்கிற்கும் பொருத்துகூலி சேர்த்து 34,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று.

முதலில் சென்ற கடையில் எடுத்துக் காட்டிய டயர்களின் பக்கச்சுவரில் 1119 என்ற எண் இருந்தது. 2019ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருள். இரண்டரை ஆண்டுக்கும் மேல் கிடங்கில் கிடந்த டயருக்குப் புது டயரின் முழு விலையையும் கேட்டார்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் காலப்போக்கில் இறுகும் என்பதால் மறுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் காத்திருந்து, வேறொரு கடையில் 2321 என்று அச்சிட்ட நான்கு டயர்களை வாங்கினேன். டயர் வாங்கும் எவரும் ரிம்மில் ஏற்றுவதற்கு முன் இந்த நான்கு இலக்கங்களைக் குனிந்து படித்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் மிகக் குறைவு.

முன்னிரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றும் ஒரு யோசனை வந்தது. இரண்டு மட்டுமே வாங்கினால், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால்தான் போட வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீள வாய்ப்புண்டு; ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிக்க இயலாது. பின் டயர்களுக்கும் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்ததால் நான்கையும் சேர்த்தே மாற்றினேன். வால்வுகளையும் புதிதாகப் போடச் சொன்னேன். அலாய் வீலின் ஓரத்தில் கவ்வும் எடைகள் கீறல் உண்டாக்கும் என்பதால், சக்கரத்தின் எடையைச் சமப்படுத்தும் பேலன்சிங்கிற்கு உட்புறம் ஒட்டும் எடைகளையே கேட்டு வாங்கினேன்.

முதல் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன். புதிய டயரின் மேற்பரப்பு தேய்ந்து பழகும் வரை முழுப் பிடிமானம் கிடைக்காது. அதன் பிறகு அதே வால்பாறைப் பாதையில், தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையில் இறங்கிப் பார்த்தேன். ஈரத்தில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கத் தொடங்கும் கட்டம் முன்பைவிட நன்றாகத் தள்ளிப்போயிருந்தது. வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் இழுவைக் கட்டுப்பாட்டு விளக்கு சிமிட்டுவதும் அரிதாயிற்று. பொள்ளாச்சி நான்குவழிச் சாலையில் இரைச்சல் குறைந்ததை என் மகளே முதலில் சொன்னாள். முழு ஸ்போர்ட்ஸ் டயரில் கிடைக்கும் கூர்மையான முதல் திருப்பம் இந்த வகை டயரில் இருக்காது. பக்கச்சுவர் சற்று வளைந்து கொடுத்த பிறகே கார் திரும்பும். மோசமான நகரச் சாலைகளில் அந்த நெகிழ்வே இடுப்புக்கு இதமாக இருக்கிறது. செட்டிபாளையத்திலுள்ள கார் பந்தயத் தடமான கரி ஸ்பீட்வேயில் ஓட்டும் ஆர்வமுள்ளவர்களின் தேவை வேறு. என் தேவைக்கு இந்தச் சமரசம் சரியானது.

காற்றை மாதம் இருமுறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது 33 பிஎஸ்ஐ என்று பார்த்துக்கொள்கிறேன். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், வழியில் பங்க்கில் பார்த்துக் குறைத்துவிடக் கூடாது. காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும்போது, தனியாக நைட்ரஜனுக்குப் பணம் கொடுப்பதில் எனக்குப் பயன் தெரியவில்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் பார்த்து வந்தேன். 2023இல் ஒருமுறை அதைத் தவறவிட்டு 17,000 வரை ஓட்டியதில், முன் டயர்களின் வெளிவிளிம்பு சீரற்றுத் தேய்ந்தது. பின்னுக்கு மாற்றிய பிறகும் அதனால் எழுந்த முனகல் சத்தம் பல மாதங்கள் நீடித்தது.

இப்போது கார் 81,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது. முன் டயர்களில் 3 மில்லிமீட்டரும் பின் டயர்களில் மூன்றரையும் மிச்சமிருக்கின்றன. காய்ந்த சாலையில் இன்னும் குறையில்லை. கனமழையில் தேங்கிய நீரின் மேல் செல்லும்போது பிடிமானம் தளர்ந்து ஸ்டீயரிங் இலேசாவதைக் கடந்த சில மாதங்களாக உணர்கிறேன். இம்முறை 1.6 வரை காத்திருக்கப் போவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதும் உதவியாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள், அதே 195/55 ஆர்16 அளவில், இந்த ஆண்டு தயாரான நான்கு டயர்களுக்குக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.