புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பார்த்த ‘தி வீல் ஆஃப் டைம்’

ராபர்ட் ஜோர்டன் தொடங்கி, 2007இல் அவர் மறைந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் முடித்துவைத்த ‘தி வீல் ஆஃப் டைம்’ மாயாஜாலக் கதை வரிசையின் 14 நாவல்களையும் படித்தவன் நான். என் தங்கை ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. அதைத் தழுவி அமேசான் ப்ரைமில் 2021 முதல் 2025 வரை வந்த தொடரின் மூன்று சீசன்களையும் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். எனக்குக் கோபம் வந்த இடங்களில் அவளுக்கு வரவில்லை. அவள் கேட்ட கேள்விகளோ நேராகத் தொடரின் ஓட்டைகளில் போய் நின்றன. அதனால் “புத்தகத்தில் இப்படி இல்லையே” என்பதை நான் இங்கே குறையாக எண்ணவில்லை. கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

முதல் எபிசோடிலேயே கொல்லன் பெரினுக்கு லைலா என்று ஒரு மனைவி. நாவலில் கிடையாது. ட்ரோலாக்குகள் எனும் மிருக உருவ அரக்கர்கள் ஊருக்குள் புகுந்த இரவில், பட்டறைக்குள் நடக்கும் சண்டையில் கோடாரியை வீசி, தெரியாமல் அவளையே கொன்றுவிடுகிறான். வாசகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது: தன் கையைக் கண்டே அஞ்சுகிற மனிதனுக்கு அதைவிட வலுவான காரணம் வேண்டுமா? ஆனால் லைலா யார் என்று நாம் அறிவதற்குள் அவள் போய்விடுகிறாள். அந்தத் துக்கத்துக்கு முதல் சீசனில் இடமே ஒதுக்கவில்லை. “இவன் ஏன் எப்பவும் இப்படியே இருக்கான்?” என்றாள் தங்கை. அவள் கேட்டது சரி. நாவலைத் தொடாமலே சொல்லக்கூடிய திரைக்கதைத் தோல்வி அது.

அந்த சீசனின் கடைசி எபிசோடும் அப்படித்தான். பெரினின் ஊர் வைத்தியச்சி நைனீவ் மந்திர ஆற்றலில் எரிந்து சாய்கிறாள். கொஞ்ச நேரத்திலேயே அதே ஊர்ப் பெண் எக்வீன் அவளை மீட்டுவிடுகிறாள். முக்கிய வேடமான மேட்டாக நடித்த பார்னி ஹாரிஸ் பாதியில் விலகியதும், கொரோனாவால் படப்பிடிப்பு தடைபட்டதும் உண்மையான காரணங்கள். பார்க்கிறவருக்கு அவை சமாதானம் ஆகாது.

இரண்டாவது சீசனின் ஆறாவது எபிசோடுக்கு வாருங்கள். கழுத்தில் மந்திர வளையம் மாட்டி எக்வீனை அடிமையாக்கியிருக்கிறார்கள். கூஜாவை எடுத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அதை ஆயுதமாக ஒரு கணம் நினைத்துவிட்டாலும் கை அதைத் தொட மறுக்கும். எக்வீனாக நடிக்கும் மேடலின் மேடன் கூஜாவை நோக்கி விரல்களை நீட்டுவதும், வலியில் சுருண்டு விழுவதும், மறுபடி நீட்டுவதும்தான் காட்சி. போர்க்களம் இல்லை, மந்திர ஒளி இல்லை. நாவலில் படித்தபோது எனக்கு மூச்சு இவ்வளவு அடைக்கவில்லை.

அதையும் தாண்டியது மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடு. ரூயிடியன் நகரின் கண்ணாடித் தூண்களுக்கு நடுவே நடக்கும் கதாநாயகன் ரேண்ட், தன் முன்னோர்களின் வாழ்க்கையை ஒவ்வொருவராகப் பின்னோக்கி வாழ்ந்து பார்க்கிறான். அத்தனை முன்னோராகவும் ரேண்டாக வரும் யோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே நடித்திருக்கிறார். ரேண்டின் முன்னோர்களான, ஈட்டி ஏந்திய ஐயீல் இனத்தவர் ஒரு காலத்தில் ஆயுதத்தையே தொடாதவர்கள் என்ற உண்மை வயதும் தாடியும் நடையும் மாறிமாறி வரும் அந்த ஒரே முகத்தில் துலங்குகிறது. ஒரே முகம் என்பதால் பரம்பரை என்பது கண்ணெதிரே நிற்கிறது. இது நடிகரின் உடம்பு இருந்தால்தான் முடிகிற வேலை. முன்கதை தெரியாத தங்கையும் ஒரு கேள்வி கேட்காமல் பார்த்தாள்.

மந்திர ஆற்றல் கொண்ட பெண்கள் சபையின் தலைவி சுவான் சாஞ்சேயின் முடிவு பற்றி வாசகர்களோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. நாவலில் அவள் ஆற்றலை இழந்து உயிர் பிழைக்கிறாள். தொடரில் தலையை வெட்டிவிடுகிறார்கள். மண்டியிட்ட நிலையிலும் சுவானாக நடித்த சோஃபி ஒகொனேடோவின் குரல் துளியும் இறங்குவதில்லை. சுவானுக்கும், அதே சபையைச் சேர்ந்த மொரெயினுக்கும் இருந்த காதலை முதல் சீசனிலிருந்தே வளர்த்து வந்ததால், வாள் விழும்போது மொரெயினாக வரும் ரோசமண்ட் பைக் கதறுவது நம்மையும் உலுக்குகிறது. தொடர் தானே விதைத்ததைத் தானே அறுத்த இடம் அது. 2025 மே மாதத்தில் தொடரை நிறுத்திவிட்டதால் அந்தச் சாவின் பின்விளைவுகளைப் பார்க்க வழியில்லை. ஆனாலும் நாவல் படிக்காதவர்கள் தயங்காமல் தொடங்கலாம். முதல் சீசனுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.